மசியலில் எண்ணெய் இல்லை

கிரீட், 10 மார்ச் 1996, ஞாயிறு

எவந்தியா,

‘அன்புள்ள’ என்று போடவில்லை. கவனித்துக்கொள்.

உன் கடிதத்தை இன்று பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் வைத்துப் படித்தார்கள். எனக்கு எழுதிய கடிதம் இல்லை. எனக்கு நீ கிறிஸ்துமஸுக்குப் பிறகு எழுதவே இல்லை. பாதிரியாரின் மனைவி கலியோப்பிக்கு, நம் சாமியம்மாவுக்கு, நீ எழுதியது. கோயிலில் பாடுகிற யாக்கோவிஸ் படிக்கட்டில் ஏறி நின்றுகொண்டு, சுவிசேஷம் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். “அவகாடோவில் எண்ணெய் உண்டு. நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு வரை இருக்கும். பிழிந்தெடுத்தால் சமையலுக்கே ஆகும்.” கீழே உன் கையெழுத்து. அதற்கும் கீழே உன் பள்ளிக்கூட முத்திரை, நீல மையில், படிப்புக்கு அடையாளமான ஆந்தையோடு. அந்த ஆந்தையை எல்லாரும் பார்க்கும்படி தாளை உயர்த்திக் காட்டினார்.

ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. ஊரான் கல்லெறிந்தால் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போய்விடலாம். கூடப் பிறந்தவள் எறிந்தால் எங்கே போவது?

உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வாய். சரி, தெரிந்துகொள். நோன்பு தொடங்குகிற திங்கட்கிழமை வழக்கம்போல முற்றத்தில் பொதுப் பந்தி. எண்ணெய் கூடாத நாள். நான் மொச்சை மசியல் கொண்டுபோனேன். எண்ணெய் இல்லாத மொச்சை மசியலை நீ மறந்திருக்க மாட்டாய், அதை வைத்துச் சுவர் பூசலாம். அதனால் இந்த வருஷம் அதில் அவகாடோவை மசித்துச் சேர்த்தேன். பழம் தரம் பிரிக்கிற கொட்டகையில் எனக்கு வேலை, தோலில் வடு விழுந்த பழங்களை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பதினைந்து வருஷமாக இந்த ஊரில் அந்த மரம் காய்க்கிறது, எல்லாம் பெட்டியில் ஏறி ஜெர்மனிக்குப் போகிறது. இங்கே பன்றிக்குப் போடுகிறார்கள்.

சாமியம்மா மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

“ஆர்கிரோ, இது எப்படிடி இப்படி வழவழன்னு இருக்கு? எண்ணெய் ஊத்தலையே?”

“ஒரு சொட்டுகூட இல்ல, சாமியம்மா.”

“மாதா மேல ஆணையா?”

“ஆணையா.”

அதில் என்ன பொய்? ஒரு சொட்டு ஊற்றவில்லை. ஆனால் அவளுக்கு ஏதோ வேண்டுதலாம். ஈஸ்டர் வரைக்கும், மற்றவர்களுக்கு எண்ணெய் கூடுகிற சனி ஞாயிறில்கூட, நாக்கில் எண்ணெய் படாமல் இருப்பதாக மாதாவிடம் நேர்ந்துகொண்டாளாம். முதல் நாளே நான் அதை உடைத்துவிட்டேனாம். ஆணையிட்டுப் பொய் சொல்லி உடைத்தேனாம். கொட்டகையில் வேலை செய்கிற எவளோ போய்ச் சொல்லியிருக்கிறாள், அது எண்ணெய்ப் பழம் என்று. அதற்குச் சாட்சியாகத்தான் உன் ஆந்தை பறந்து வந்திருக்கிறது.

கோயில் சமையலறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். பதினொரு வருஷமாக அந்தச் சாவி என் கழுத்தில் கிடந்தது. நோன்பு நாளில் புதனும் வெள்ளியும் தனியாய்க் கிடக்கிற ஒன்பது கிழங்களுக்கு நான் பொங்கிப்போட்டேன். கூட்டத்துக்கு நடுவில் கழற்றிக் கொடுத்தேன். என் ஏப்ரன் இன்னும் உள்ளே ஆணியில் தொங்குகிறது.

போன் பண்ணாதே, ஒயரைப் பிடுங்கிவிட்டேன். எழுதவும் வேண்டாம். எழுதித்தான் தீருவேன் என்றால், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல், எதற்குக் கேட்கிறார்கள் என்றும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு எழுது.

ஆர்கிரோ


யோவானினா, 15 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

நான் போட்டுவிட்டேன். நீ கவனித்துக்கொள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை அழுதேன். இரண்டாம் முறை கோபம் வந்தது. மூன்றாம் முறையும் கோபம்தான், ஆனால் அது யார் மேல் என்று தெரியவில்லை.

சாமியம்மா எனக்கு எழுதியது இரண்டே வரி. “அவகாடோவில் எண்ணெய் உண்டா? எவ்வளவு?” அவ்வளவுதான். மசியல் இல்லை, பந்தி இல்லை, உன் பெயர் இல்லை. நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். உண்டா என்று கேட்டால் உண்டு என்பேன். எவ்வளவு என்றால் எவ்வளவு என்பேன். இதற்காக என்னைக் கல்லெறிந்தவள் என்கிறாய். நீ மசியல் செய்ததை எனக்கு எழுதியிருந்தாயா? கிறிஸ்துமஸுக்குப் பிறகு நான் எழுதவில்லை, சரி. நீ எழுதினாயா? நீ ஊரில் இருக்கிறாய், நான் ஊரைவிட்டுப் போனவள், அதனால் எழுதவேண்டியவள் எப்போதும் நான்தான். இருபத்தாறு வருடமாக இதுதான் நம் வீட்டுச் சட்டம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரும் கேட்காமலே ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு வரியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் ஊரிலிருந்து யாரும் இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை, எப்போது கல்யாணம் என்பதைத் தவிர. இப்போது வயது நாற்பத்து நான்கு, அதையும் நிறுத்திவிட்டார்கள். முதல்முறையாக, எனக்குத் தெரிந்த ஒன்றை ஒருத்தி கேட்டாள். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, நல்ல தாளாக எடுத்து எழுதினேன். முத்திரை யாரும் கேட்கவில்லை. அதைக் குத்தியது என் பெருமை. அது எந்தக் கழுத்தில் விழும் என்று நான் யோசிக்கவில்லை என்று நீ சொல்வது சரி.

அதற்காக எண்ணை மாற்றி எழுதச் சொல்லாதே. பதினைந்து முதல் இருபது என்றால் அதுதான். உனக்காகவும் அதை ஐந்து என்று எழுத மாட்டேன்.

ஆனால் உன்னைப் பொய்க்காரி என்றது எனக்குப் பொறுக்கவில்லை. நீ முரடு. பிடிவாதக்காரி. பொய் உனக்கு வராது. ஒரு பரிசோதனை எதிர்பாராத விதமாய் முடிந்தால் என் மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது, மேசையில் வேறு என்னவெல்லாம் இருந்தது என்பதைத்தான். உன்னிடமும் அதையே கேட்கிறேன். மசியலை எப்படிச் செய்தாய், பந்தியில் வேறு என்ன இருந்தது, யார் என்ன சொன்னார்கள், ஒன்றுவிடாமல் எழுது. போன் ஒயரையும் மாட்டிவை.

எவந்தியா


கிரீட், 21 மார்ச் 1996

எவந்தியா,

ஒயரை மாட்ட மாட்டேன்.

போலீஸ்காரன் மாதிரி கேட்கிறாய், எழுதுகிறேன். காய்ந்த மொச்சையை முந்தின நாளே ஊறப்போட்டேன். தோலைப் பிதுக்கி எடுத்தேன், ஒவ்வொன்றாக, கட்டை விரல் இன்னும் வலிக்கிறது. வெங்காயத்தோடு குழைய வேகவைத்தேன். ஆறவிட்டேன். இதை மறக்காதே, சூட்டில் அவகாடோவைப் போட்டால் கசந்துபோகும். முதல் தடவை எனக்குக் கசந்தது, கோழிகூடச் சீண்டவில்லை. நன்றாக ஆறிய பிறகு இரண்டு பங்கு மொச்சைக்கு ஒரு பங்கு பழம். பழம் அமுக்கினால் விரலுக்கு இசைய வேண்டும், கல் மாதிரி இருக்கக் கூடாது, குழைந்து கறுத்தும் இருக்கக் கூடாது. உப்பு, பூண்டு, எலுமிச்சை. மரக்கரண்டியால் மசிக்க வேண்டும். மிக்சி வேண்டாம், பசை ஆகிவிடும். கடைசியில் கொஞ்சம் பெருஞ்சீரகத் தழை. நிறம் மாறாமலிருக்க பழத்தின் கொட்டையை நடுவில் வைத்தேன். அது உண்மையா என்று நீதான் சொல்ல வேண்டும். முத்திரை வேண்டாம்.

ஏன் செய்தேன் தெரியுமா? ருசிக்காக இல்லை. மனூசோஸ் கிழவரை நினைத்து. எண்பத்து மூன்று வயது, வாயில் ஒரு பல்கூட இல்லை. எண்ணெய் கூடாத நாளில் அவருக்கு எதுவும் இறங்குவதில்லை. தொண்டையில் நிற்கும், தண்ணீர் குடிப்பார், மறுபடியும் நிற்கும். பாதியில் கையைக் கழுவிவிட்டு, போதும் ஆர்கிரோ, வயிறு நிறைஞ்சுபோச்சு என்பார். எனக்குத் தெரியாதா? அன்றைக்கு இதைச் சாப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“பல்லு போனதுலேர்ந்து வெள்ளிக்கிழமைன்னா எனக்கும் அதுக்கும் பகை. இது தானா இறங்குதும்மா. என்ன மாயம் பண்ணினே?”

“மாயம் இல்ல, பன்றித் தீனி.”

“அப்ப இத்தனை நாளா பன்றிங்கதான் நம்மளவிட ஒழுங்கா நோன்பு இருந்திருக்கு.”

இப்போது சாமியம்மா சமைக்கிறாள். கொண்டைக்கடலை. போன புதன்கிழமை கிழவர் அதை ஒவ்வொன்றாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனாராம், கோழிக்கு ஆகும் என்று.

பந்தியில் வேறு என்ன இருந்தது என்றால், எல்லா வருஷமும் இருக்கிறதுதான். எள் தூவிய தட்டை ரொட்டி, ஊறுகாய் வெங்காயம், எலுமிச்சை பிழிந்த பச்சைக் கூனைப்பூ, உப்பில் ஊறிய ஆலிவ் இரண்டு சட்டி, எள் அல்வா. யார் என்ன சொன்னார்கள் என்றால், அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் பரிமாறிக்கொண்டிருக்கும்போது சாமியம்மா சமையலறைக்கே வந்தாள். மேசையில் இருந்த சட்டியிலிருந்து ஆலிவ் எடுத்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டே நின்றாள். எனக்குத்தான் ஒன்று கொடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். கொட்டையைக் கையில் துப்பிவிட்டுச் சொன்னாள்:

“அந்தப் பழத்துல எண்ணெய் இருக்காம். ஆணையிட்டுச் சொன்னியேடி.”

“பழத்துல எப்படி எண்ணெய் இருக்கும் சாமியம்மா? பழத்துல சாறு இருக்கும்.”

“எனக்குப் பாடம் சொல்லாத. படிச்சவங்ககிட்ட கேட்டுக்கிறேன்.”

இன்னொரு ஆலிவ். இன்னொரு கொட்டை. படித்தவள் யார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

என்ன வேண்டுமானாலும் எண்ணிக்கொள். சாவி வராது. நான் இப்போது கோயிலுக்குப் போய்ப் பின்வரிசையில் நிற்கிறேன், தூணுக்கு அந்தப் பக்கம். என் பக்கத்தில் ஒருத்தியும் நிற்பதில்லை.

ஆர்கிரோ


யோவானினா, 26 மார்ச் 1996

அன்புள்ள அக்கா,

நீ எழுதியதைப் படித்துவிட்டு எழுந்து ஜன்னலைத் திறந்தேன். மழை உள்ளே அடித்தது. மூடவில்லை. அவ்வளவு கோபம். நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் பதில் இருக்கிறது, உனக்கே தெரியவில்லை. வேதியியல் படிக்கப் போய் இருபத்தாறு வருடமாகியும் எனக்கும் தெரியவில்லை. நாமெல்லாம் பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை மென்று கொட்டையைத் துப்பிக்கொண்டிருந்தோம்.

இத்துடன் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதை யாக்கோவிஸிடம் கொடு. முன்பு நின்ற அதே படியில் ஏறி நின்று, அதே குரலில் வாசிக்கச் சொல். ஆந்தை இதிலும் இருக்கிறது. நீ முன்கூட்டியே தெரிந்துகொள்ள இங்கே எழுதுகிறேன்:

“கேள்வி: ஆலிவ் காயில் எண்ணெய் உண்டா? பதில்: உண்டு. நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து பங்கு வரை. அவகாடோவுக்குக் குறைந்ததில்லை. நோன்பில் எண்ணெய் கூடாது, ஆலிவ் கூடும் என்பது நம் முன்னோர் வைத்த வழக்கம். அப்படியானால் அவர்கள் விலக்கியது செக்கில் பிழிந்ததை, மரத்தில் காய்த்ததை அல்ல. என் அக்கா எதையும் பிழியவில்லை. கரண்டியால் மசித்தாள். அவள் ஆணையிட்டது பொய் என்றால், இந்த முற்றத்தில் நிற்கும் ஒவ்வொருவர் வாயிலும், கடிதத்தை வாசிக்கிறவர் வாயிலும், பாதிரியார் வாயிலும் அதே பொய் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இருந்திருக்கிறது. எவந்தியா வர்தாகி, வேதியியல் ஆசிரியை.”

சாமியம்மாவைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதினேன், ஆலிவை மென்றுகொண்டே தீர்ப்புச் சொல்கிறவர்கள் என்று. பிறகு கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். நல்லெண்ணத்தால் கிழிக்கவில்லை. அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார்கள்.

நேற்று உன் மசியலைச் செய்துபார்த்தேன். அவகாடோ இங்கே ஒரே ஒரு கடையில் கிடைக்கிறது, முட்டை மாதிரி தாளில் சுற்றி வைத்திருக்கிறார்கள். கொட்டைக்கும் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, காப்பாற்றியது எலுமிச்சை. மசித்து முடித்ததும் ரொட்டியைத் தொட்டு ருசி பார்க்கலாம் என்று நின்றேன். நின்றபடியே முழுக் கிண்ணத்தையும் தின்றேன். எனக்குப் பற்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் பல நாளாக எதுவும் தொண்டையில் இறங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

எவந்தியா


கிரீட், 6 ஏப்ரல் 1996, சனி

எவந்தியா,

உன் தாளை வாசித்தார்கள். நீ நினைத்த மாதிரி நடக்கவில்லை. படித்தவர்கள் நினைக்கிற மாதிரி இந்த ஊரில் என்றைக்கு நடந்திருக்கிறது?

யாக்கோவிஸ் “கடிதத்தை வாசிக்கிறவர் வாயிலும்” என்ற இடத்தில் நிறுத்தி, இருமி, மறுபடி அதே வரியை மெதுவாக வாசித்தார். ஸ்த்ராதிஸ் பாதிரியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாமியம்மா தோற்றுப்போனாள் என்று நான் நினைக்கும்போது அவள் வாயைத் திறந்தாள்.

“அப்படின்னா ஆலிவும் கூடாது.”

நம்புவாயா? நூறு வீட்டுக்கு ஆலிவ் தோப்பு இருக்கிற ஊரில். புதன்கிழமை சமையலறையில் ஆலிவ் சட்டி இல்லை. ஊர் முழுக்க என்மேல் பாய்ந்தது. முன்பு மசியலில் எண்ணெய் வைத்தவள், இப்போது வாயிலிருந்த ஆலிவையும் பிடுங்கியவள். பக்கத்து வீட்டு ஸாம்பியா வேலிக்கு மேலே கத்தினாள்: “உன் தங்கச்சி இன்னொரு கடுதாசி போட்டா ரொட்டியும் போயிடும், எழுத வேணாம்னு சொல்லு.”

வெள்ளிக்கிழமை, நேற்று, மனூசோஸ் கிழவர் தடியை ஊன்றிக்கொண்டு பூசைக்கு நடுவிலேயே எழுந்துவிட்டார்.

“சாமி, ஒரு சந்தேகம். சண்டைக் காலத்துல ஜெர்மன்காரன் இந்த ஊரப் பிடிச்சு வச்சிருந்தப்ப எங்கப்பா நாலு வருஷம் ஆலிவும் கீரையும் தின்னுதான் உசிரோட இருந்தாரு. புதன், வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் ஒண்ணுதான். இப்ப அவரு நரகத்துலயா இருக்காரு?”

“உட்காருங்க மனூசோஸ்.”

“இருக்காருன்னா சொல்லுங்க. எனக்கும் வயசாச்சு, அங்கேயே போய்ப் பார்த்துக்கிறேன். இல்லன்னா அந்தச் சட்டியக் கொண்டாரச் சொல்லுங்க. கூடவே அந்தப் பொண்ணையும்.”

பின்னால் சிரிப்பு கிளம்பியது. பாதிரியார் மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்:

“செக்குல போட்டு எடுத்தா எண்ணெய். தட்டுல வச்சா பழம். ஆலிவோ, அந்த ஜெர்மன் பழமோ. இதோட முடிஞ்சுது, இனி யாரும் எனக்குக் கடுதாசி படிக்க வேணாம்.”

தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் வெளியே வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

இன்று காலை சாமியம்மா வீட்டுக்கு வந்தாள், சாவியோடு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. வேண்டுதல் எதற்கு என்று சொன்னாள். அவள் மகன் நிகிஃபோரோஸ், கப்பலில் வேலை பார்க்கிறவன். வயிற்றில் கட்டி. ஈஸ்டர் கழித்துப் பதினெட்டாம் தேதி ஏதென்ஸில் ஆபரேஷன். பாதிரியாருக்கும் அவளுக்கும் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது.

“நீ பொய் சொல்லியிருந்தா அது உன் பாவம்டி. என் கணக்கில மாதா எழுத மாட்டா. நீ பொய் சொல்லலைன்னா அது என் நாக்கு பண்ணின பாவம். இவ்வளவு வழவழன்னு இருக்கேன்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு. வந்தும் மூணு தடவை வாங்கித் தின்னேன்.”

எனக்கு இரக்கம் வரவில்லை எவந்தியா, உன்னிடம் மறைத்து என்ன. கோபம்தான் வந்தது. நான் பொய்க்காரியாக இருந்தால் அவள் மகன் பிழைப்பானாம். அதற்காக ஒரு மாதம் என்னை அந்தத் தூணுக்குப் பின்னால் நிறுத்தினாள். முதல் நாளே வந்து சொல்லியிருந்தால் நானும் கூட மண்டியிட்டிருக்க மாட்டேனா? அதை அவளிடமே சொன்னேன். காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போடவில்லை.

குடித்துவிட்டுக் கதவருகில் நின்று கேட்டாள்:

“உன் தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்லு. என் வேண்டுதல் உடைஞ்சுதா, இல்லையா? பாதிரியார் இல்லைங்கிறார். அவர் புருஷன், அப்படித்தான் சொல்வார். அந்த முத்திரையோட வேணும்.”

கேட்டுவிட்டேன். சாவி கழுத்தில் இருக்கிறது. வரும் புதனுக்கு மொச்சை ஊறப்போட வேண்டும். உன்னை இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் ஒயரை மாட்டிவிட்டேன்.

ஆர்கிரோ


யோவானினா, 10 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்கா,

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டது தாள்.

நேற்று முழுவதும் எரிச்சலோடு திரிந்தேன். இதை ஏன் என்னிடம் கேட்கிறாள் என்று. பழத்தில் எவ்வளவு எண்ணெய் என்று கேட்டால் அளந்து சொல்வேன். ஒரு நேர்த்திக்கடன் உடைந்ததா என்பதை எந்தக் குடுவையில் ஊற்றி அளப்பது? என் அக்காவை ஒரு மாதம் தனியாக நிறுத்திவைத்தவளுக்கு நான் ஏன் சொல்ல வேண்டும்? ‘இது என் பாடம் அல்ல’ என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் அது உண்மையாகவும் இருக்கும், அவளுக்கு உறைக்கவும் செய்யும். எழுதியும் விட்டேன்.

பிறகு உன் முதல் கடிதத்தை எடுத்து அதன் கடைசி வரியைப் படித்தேன்.

இந்த முறை எதற்குக் கேட்கிறாள் என்று யோசித்தேன். ஒரு நிமிஷம் என்றாய். எனக்கு ஒரு ராத்திரி ஆனது. காலையில் வேறு தாள் எடுத்து எழுதினேன்:

“சாமியம்மா கலியோப்பிக்கு. வேண்டுதல் உடையவில்லை. எவந்தியா வர்தாகி, வேதியியல் ஆசிரியை.”

இதில் எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. என் வாழ்க்கையில் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல எழுதிக் கையெழுத்துப் போட்டது இதுதான் முதல் தடவை. முத்திரையை இரண்டு தடவை குத்தியிருக்கிறேன்.

இதை மட்டும் முற்றத்தில் படிக்க விடாதே.

எவந்தியா